ஊசி குத்தப் பிறந்த யானை

ஊட்டியில் ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை விவரம் தெரியாமல் வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு எடுத்த அனுபவம் உங்களில் நாலு பேருக்காவது இருக்கும். போட்டபோது உங்கள் அளவு, எடுத்தபோது பேரன் அளவு. கெட்டியாகி, தடித்து, பின்னலே தெரியாமல் அட்டை போல ஆகியிருக்கும். வீட்டில் திட்டும் வாங்கியிருப்பீர்கள். ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கெடுத்தது ஒரு ஸ்வெட்டரை. உண்டாக்கியது மனிதன் செய்த மிகப் பழைய துணிகளில் ஒன்றை. அதற்கு ஃபெல்ட் என்று பெயர்.

இந்த வரலாற்றுப் பக்கத்தில் இதுவரை நம் வளாகத்துக்குப் பின்னால் இருக்கும் ஏரியைப் பற்றியும் சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களைப் பற்றியும் எழுதி வந்தேன். இந்தக் காலாண்டில் உங்களை ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குக் கூட்டிப் போகிறேன். அதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

போன வருஷக் கடைசியில் எனக்கு லேசாகப் பக்கவாதம் வந்துபோனது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று ராத்திரி காரை எடுத்தவர்களையும், மறுநாளிலிருந்து ரசம் சாதம் கொடுத்தனுப்பியவர்களையும் மறக்க மாட்டேன். நடை திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை இப்போது பத்து வரிக்கு மேல் பேனா பிடிக்காது. (இந்தக் கட்டுரை நான் போனில் சொல்லச் சொல்ல அதுவே எழுதிக்கொண்டது. அது செய்த பிழைகளைத் திருத்தியது என் பேத்தி.) பிசியோதெரபி செய்ய வரும் பெண், "விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்க ஆன்ட்டி, சும்மா பந்தை அமுக்கிக்கிட்டிருந்தா ஒரு வாரத்துல போரடிச்சு விட்டுடுவீங்க" என்றாள். அப்படித்தான் டி பிளாக் பெண் ஒருவர் சனிக்கிழமை காலைகளில் கிளப் ஹவுஸில் நடத்தும் நீடில் ஃபெல்டிங் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

தேவையானது கையளவு கம்பளிப் பஞ்சு, ஒரு ஸ்பாஞ்ச், ஒரு ஊசி. நூல் கிடையாது. பஞ்சைச் சுருட்டி ஸ்பாஞ்ச் மேல் வைத்து ஊசியால் குத்திக்கொண்டே இருக்க வேண்டும். குத்தக் குத்தப் பஞ்சு இறுகி உருண்டையாகும். உருண்டை தலையாகும், இன்னொன்று வயிறாகும். முதல் நாளே எங்களுக்குக் கொடுத்த பாடம் யானை. ஏன் யானை என்று கேட்டேன். "ஃபெல்ட் பொம்மையே யானையிலதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்வாங்க ஆன்ட்டி" என்றார். ஒரு ஹிஸ்டரி டீச்சரிடம் இப்படிச் சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. அடுத்த சில வாரங்கள் நான் படித்ததுதான் இனி வருவது.

முதலில் கம்பளி ஏன் இப்படி இறுகுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். ஆட்டு ரோமத்தை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் அதன் மேலெல்லாம் மீன் செதில் போல, ஓட்டு வீட்டுக் கூரை போல, ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். எல்லாச் செதில்களும் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அதனால் ஒரு ரோமம் தன் வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். எதிர்ப்பக்கமாக நகர்ந்தால் செதில் தடுக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு, கசக்கலும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான ரோமங்கள் இப்படி ஒரே பக்கமாக ஊர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. திரும்பி வர வழியில்லை. உங்கள் ஸ்வெட்டருக்கு நடந்தது இதுதான். பருத்திக்கு இந்தச் செதில் இல்லை. அதனால்தான் உங்கள் வேட்டி எத்தனை தரம் துவைத்தாலும் ஃபெல்ட் ஆவதில்லை.

தறி வேண்டாம், நூல் நூற்க வேண்டாம், ரோமமும் வெந்நீரும் இருந்தால் போதும் என்பதால் ஆடு மேய்த்த மக்களிடம் இது வெகு காலத்துக்கு முன்பே வந்துவிட்டது. காஷ்மீரில் இன்றும் ரோமத்தைப் பரப்பி, சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயில் சுருட்டி உருட்டி உருட்டி நம்தா என்ற விரிப்பைச் செய்கிறார்கள். அதன் மேல் போடும் பூவேலையை நம் ஊர்க் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள்.

ஃபெல்ட் பொம்மை யானையில் ஆரம்பித்தது என்பது மட்டும் சரியில்லை. அன்னத்தில் ஆரம்பித்தது என்று சொன்னால்கூட யாராவது இன்னும் பழையதைக் காட்டக்கூடும். ஆனாலும் அந்த அன்னத்தைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்தில் பெரிய பெரிய ஈமக்குழிகள் இருக்கின்றன. குழிக்குள் இறங்கிய தண்ணீர் உறைந்து ஐஸாகி, உருகாமலே நின்றுவிட்டதால், மற்ற இடங்களில் சில பத்தாண்டுகளிலேயே மக்கிப்போகும் துணியும் தோலும் அங்கே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்தன. 1940களின் கடைசியில் செர்கேய் ருதென்கோ என்ற சோவியத் தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டினார். ஐந்தாம் குழியில் ஒரு மரத் தேரும், அதோடு வெள்ளைக் கம்பளி ஃபெல்டில் செய்த அன்னங்களும் கிடைத்தன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு அடி உயரம். உள்ளே மான் ரோமம் அடைத்து, கழுத்தை வளைத்துத் தைத்திருக்கிறார்கள். இப்போது ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இணையத்தில் படம் பாருங்கள். குழந்தைக்குச் செய்ததல்ல, இறந்தவருக்குச் செய்தது. ஆனால் எங்கள் வகுப்பு மேஜையில் வைத்தால் போன வாரம் யாரோ செய்து முடித்தது என்றுதான் நினைப்பீர்கள்.

இப்போது யானைக்கு வருகிறேன்.

தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்கு வடக்கே பிரென்ஸ் என்ற ஆற்றங்கரையில் கீங்கன் என்று ஓர் ஊர். அங்கே 1847 ஜூலை 24ஆம் தேதி ஒரு கட்டடக் கொத்தனார்த் தலைவரின் வீட்டில் மூன்றாவது பெண்ணாக மார்கரெட்டே ஸ்டைஃப் பிறந்தார். ஒன்றரை வயதில் காய்ச்சல். பின்னால்தான் அது இளம்பிள்ளை வாதம் என்று தெரிந்தது. இரண்டு காலும் போய்விட்டன. வலது கையைத் தூக்கினால் வலி. ஒன்பதாவது வயதில் லுட்விக்ஸ்பர்க்கில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வில்ட்பாட்டில் வெந்நீர் ஊற்றுக் குளியல் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பலன் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்களும் கைவண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள்.

தையல் வகுப்புக்கும் போனார். ஊசி பிடிக்கும் கை வலது கை; அதுதான் சரியில்லாத கை. ஆகவே மெதுவாகத்தான் வந்தது. இரண்டு அக்காக்களும் பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்து வந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து இவரும் தைத்தார். ஸிதர் என்று மடியில் வைத்து மீட்டும் ஒரு தந்தி வாத்தியம் உண்டு. அதைக் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் காசு சேர்த்தார். அந்தக் காசில் வந்தது ஒரு தையல் மெஷின். அந்த ஊருக்கு வந்த முதல் தையல் மெஷினே அதுதான் என்று சொல்வார்கள்.

மெஷின் வந்ததும் ஒரு சிக்கல். தையல் மெஷினில் சுற்றும் சக்கரம் எந்தப் பக்கம் இருக்கும்? உங்கள் வீட்டில் பழைய உஷா மெஷின் இருந்தால் போய்ப் பாருங்கள், வலது பக்கம். இவருக்கு அந்தக் கை சுற்றாது. என்ன செய்தார் என்றால், மெஷினையே திருப்பி வைத்தார். சக்கரம் இடது கைக்கு வந்தது. துணி தலைகீழாக நகரும், பரவாயில்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். வகுப்பில் மூன்று வாரமாக வலது கையால் குத்த முயன்று, ஊசிகளை உடைத்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் வருத்தம் காட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமைதான் ஊசியை இடது கைக்கு மாற்றினேன். இத்தனைக்கும் அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய விஷயம்.

1877இல் மார்கரெட்டே சொந்தமாக ஒரு கடை வைத்தார். சாதாரணத் தையல் கடை அல்ல, ஃபெல்ட் உடைக் கடை. இங்கேதான் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய தாயார் ஹேன்லே குடும்பம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஹேன்லே அதே கீங்கனில் கம்பளி ஃபெல்ட் ஆலை நடத்தினார். ஆக, சரக்கு உள்ளூரிலேயே, உறவுக்காரரிடமே கிடைத்தது. (இந்த ஹான்ஸின் மனைவி லீனா ஹேன்லே தனிக் கட்டுரைக்கு உரியவர். தொப்பியில் சொருகுவதற்காகப் பறவைகளைக் கொன்று குவித்த காலத்தில், 1899இல், ஜெர்மனியில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். நம் ஏரியில் காலையில் கேமராவோடு நிற்கும் நண்பர்கள் கவனிக்க.)

ஃபெல்டின் ஒரு குணத்தை மறுபடி நினைவுபடுத்துகிறேன். வெட்டினால் ஓரம் பிரியாது. பருத்தியிலோ பட்டிலோ ஒரு பாவாடை தைத்தால் ஓரத்தை மடித்து, மறுபடி மடித்து, நுணுக்கமாகத் தையல் போட வேண்டும். தையல் தெரிந்தவர்களைக் கேளுங்கள், வேலையில் பாதி அதுதான். விரல் நுனியில் பிடிப்பு வேண்டிய வேலை. ஃபெல்டில் அந்த வேலையே இல்லை. வெட்டலாம், சேர்த்து ஒரு தையல் போடலாம், முடிந்தது. மார்கரெட்டே தைத்து விற்ற ஃபெல்ட் உள்பாவாடைகள் நன்றாகப் போயின. சில பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

1879 டிசம்பரில் ஒரு ஃபேஷன் பத்திரிகையில் துணியில் யானை வெட்டுவதற்கான மாதிரிப் படம் வந்தது. அதைப் பார்த்து ஃபெல்டில் யானை வெட்டி, உள்ளே ஆட்டுக் கம்பளி அடைத்துத் தைத்தார். எதற்குத் தெரியுமா? தையல்காரர்கள் ஊசி குத்தி வைக்கும் மெத்தையாக. உறவுப் பெண்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கொடுப்பதற்காக. கொடுத்தார். வீட்டுப் பிள்ளைகள் அதிலிருந்த ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு யானையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

இது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பொம்மைகளை நினைத்துப் பாருங்கள்: பீங்கான் முகம், மரம், தகரம், மெழுகு. வசதியான வீட்டில் பொம்மை அலமாரியில் இருக்கும். குழந்தை கீழே நின்று பார்க்கும். கட்டிப்பிடித்துத் தூங்கலாம், சுவரில் வீசி அடிக்கலாம், காதைக் கடிக்கலாம் என்றிருந்த இந்த யானை வேறு ஜாதி. முதல் வருஷம் விற்றது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தம்பி ஃப்ரிட்ஸ் பக்கத்து ஊரான ஹைடன்ஹைம் சந்தைக்கு ஒரு மூட்டை எடுத்துப்போய் விற்றுவிட்டு வந்தார். 1886இல் ஒரு வருஷ விற்பனை ஐயாயிரத்தைத் தாண்டியது. யானையோடு குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம் எல்லாம் சேர்ந்தன. 1893இல் கடை ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலையாகப் பதிவானது.

அதற்குப் பிறகான கதை உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும் என்பதால் வேகமாகப் போகிறேன். ஃப்ரிட்ஸின் மகன்கள் ஒவ்வொருவராக அத்தையிடம் வேலைக்கு வந்தார்கள். ரிச்சர்ட் என்ற மருமகன் மிருகக்காட்சி சாலையில் உட்கார்ந்து கரடிகளைப் படம் வரைந்தவர். அவர் 1902இல் கையும் காலும் அசையும் ஒரு கரடியைச் செய்தார். மேல்தோல் ஃபெல்ட் அல்ல, அங்கோரா ஆட்டின் மொஹேர் ரோமத்தில் நெய்தது. 1903இல் லைப்ஸிக் பொருட்காட்சியில் யாரும் சீந்தவில்லை. கடைசியில் ஒரு அமெரிக்க வியாபாரி மூவாயிரம் கரடிக்கு ஆர்டர் கொடுத்தார். அமெரிக்காவில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கட்டிப்போட்ட கரடியைச் சுட மறுத்த செய்தியும் கார்ட்டூனும் பரவியிருந்த நேரம். புரூக்ளினில் மிக்டம் என்பவரும் அதே சமயத்தில் கரடி தைத்து விற்றார். யார் முதல் என்ற சண்டையில் நான் இறங்கவில்லை. டெடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1907இல் மட்டும் கீங்கனிலிருந்து போன கரடிகள் 9,74,000. போலிகள் பெருகியதால் 1904 முதலே ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு உலோகப் பித்தானைக் குத்தி அனுப்பினார்கள். அந்தப் பித்தான் இருந்தால் இன்று ஏலத்தில் விலையே வேறு. லைப்ஸிக்குக்குப் போன அந்த முதல் மாதிரிக் கரடியில் ஒன்றுகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை என்பது தனி வருத்தம்.

மார்கரெட்டே 1909 மே 9ஆம் தேதி நிமோனியாவில் இறந்தார். வயது 61. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் கம்பளி கிடைக்காமல் போனபோது அந்தத் தொழிற்சாலையில் காஞ்சொறி வகைச் செடியின் நாரில் நெய்த துணியில்கூடக் கரடி தைத்தார்கள். தொட்டால் அரிக்குமே என்று பயப்பட வேண்டாம், நாராக்கினால் அரிப்பு போய்விடும்.

இனி என் மனத்தாங்கலைச் சொல்கிறேன். இந்த அம்மாளைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு பார்வர்டு சுற்றுகிறது; நம் குரூப்பிலும் வந்தது. நடக்க முடியாத ஒரு பெண், மன உறுதி ஒன்றையே வைத்துக்கொண்டு உலகத்தை வென்றார் என்று முடியும். கீழே சூரிய உதயப் படம். எனக்குப் பக்கவாதம் வந்த பிறகு அந்தப் பார்வர்டை எனக்குத் தனியாகவும் ஏழு பேர் அனுப்பினார்கள். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் படித்துப் பார்த்த பிறகு எனக்குத் தெரிவது வேறு.

அவருக்கு மன உறுதி இருந்தது, சரி. அதோடு வண்டி இழுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். வீட்டையே மாற்றிக் கட்டி மகளுக்கு ஒரு தையல் அறை ஒதுக்கிக் கொடுத்த கொத்தனார் அப்பா இருந்தார். ஓரம் மடிக்கத் தேவையில்லாத ஒரு துணி இருந்தது. அதைச் செய்யும் ஆலை உறவுக்காரருடையதாக இருந்தது. திருப்பி வைக்கக்கூடிய மெஷின் இருந்தது. மூட்டையைச் சந்தைக்குத் தூக்கிப்போகத் தம்பி இருந்தார். 1903இல் அவர்கள் கட்டிய புதுத் தொழிற்கூடம் இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக இருந்தது. உள்ளே பெண்கள் உட்கார்ந்து தைப்பது வெளியே தெரிந்ததால் ஊர்க்காரர்கள் அதைக் கன்னிப் பெண்களின் மீன்தொட்டி என்று கிண்டல் செய்தார்கள். அதில் மேல்தளத்துக்கு அவருடைய சக்கர நாற்காலி போய்வரச் சாய்தளம் வைத்தார்கள். பார்வர்டு எழுதியவர் இந்தச் சாய்தளத்தை விட்டுவிட்டார். இன்னொன்றையும் விட்டுவிட்டார்: 1907இல் அந்தக் கரடிகளைத் தைத்தவர்களில் தொழிற்சாலைக்குள் இருந்தவர்கள் சுமார் 400 பேர், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுத்தவர்கள் 1,800 பேர். அடுப்பில் ஏதோ கொதிக்க, மடியில் கரடிக் கால் தைத்த அந்தப் பெண்களின் பெயர் எந்தக் காதுப் பித்தானிலும் இல்லை.

ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிட வேண்டும். மார்கரெட்டேயின் யானை ஆலையில் செய்த ஃபெல்டை வெட்டித் தைத்தது. நாங்கள் வகுப்பில் செய்வது பஞ்சையே குத்தி உருவாக்குவது. இரண்டும் ஃபெல்ட்தான், வழி வேறு. எங்கள் ஊசிக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். வட்டமாக இருக்காது, முக்கோணம். மூன்று விளிம்புகளிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். வெட்டுகள் நுனியைப் பார்த்து இருப்பதால் உள்ளே போகும்போது ரோமத்தைப் பிடித்து இழுத்துப்போகும், வெளியே வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரும். வெந்நீரும் சோப்பும் செய்யும் வேலையை இந்த வெட்டுகள் செய்துவிடுகின்றன. மேல்முனை ஆங்கில எல் எழுத்துப் போல வளைந்திருக்கும். அந்த வளைவு ஏன் என்று வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. காரணம், அது கைக்காகச் செய்த ஊசியே அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆலைகளுக்காகச் செய்தது. முரட்டு ரோமம், சணல், கிழிந்த துணியைப் பிய்த்த பஞ்சு என்று தானாக ஃபெல்ட் ஆகாத கழிவுகளைத் தூக்கிப்போடாமல் விரிப்பாக்க என்ன வழி என்று யோசித்தார்கள். ஒரு பலகையில் இப்படி ஆயிரக்கணக்கான ஊசிகளைச் சொருகி, பஞ்சுப் படுகையின் மேல் தட தடவென்று குத்தும் இயந்திரம் வந்தது. அந்த எல் வளைவு பலகையில் மாட்டுவதற்கு. இன்று உங்கள் கார் தரையில் இருக்கும் கம்பளமும் இந்த வகை இயந்திரத்தில் வந்ததாக இருக்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரை இதே மாதிரி குத்தி மெத்தைக்கும் மண் அரிப்பைத் தடுக்கும் விரிப்புக்கும் ஃபெல்ட் செய்கிறார்கள். அந்த ஊசியும் எங்கள் யானை ஊசியும் ஒரே குடும்பம்.

அதைப் பலகையிலிருந்து கழற்றித் தனியாகக் கையில் பிடிக்கலாம் என்று தோன்றவே நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எலினார் ஸ்டான்வுட், டேவிட் ஸ்டான்வுட் என்ற தம்பதிதான் அதைச் செய்து பார்த்தவர்கள் என்று இந்தக் கலையின் வரலாற்றில் சொல்கிறார்கள். அவர்களிடமிருந்து கலிஃபோர்னியாவின் அயலா தல்பாய்க்குப் போய், அவர் கையில் அது உருவங்களாக வளர்ந்தது. பிறகு ஜப்பானில் நாய்க்குட்டி, பூனைக்குட்டி என்று பெரிய பைத்தியமாகவே பரவியது. ஆக, நாங்கள் கற்பது ஆதிகாலக் கலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருள் ஆதிகாலத்தது, கைமுறைக்கு என் பெரிய பெண் வயதுதான்.

வகுப்பில் கொடுக்கும் வண்ணப் பஞ்சு வெளிநாட்டு மெரினோ கம்பளி, ஆன்லைனில் வாங்கியது. நம் பக்கத்தில் கம்பளியே இல்லையா என்று கேட்டேன். தமிழ்நாட்டுச் சமவெளி ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பளி கிடையாது, முடிதான். நீலகிரிச் செம்மறி ஒரு விதிவிலக்கு. வெள்ளைக்காரர்கள் காலத்தில் மெரினோ போன்ற ஆடுகளோடு கலந்து உருவானது, மெல்லிய ரோமம். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அந்த இனத்தைக் காப்பாற்றி வளர்க்கிறது. வடக்கே தக்காணத்துக் கறுப்பு ஆடுகளுக்கும் ரோமம் உண்டு. முரடு. அதைத்தான் அந்தக் காலத்தில் நூற்று, நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு மழைக்கும் குளிருக்கும் தாங்கும் கம்பளியாக்கினார்கள்.

ஏ பிளாக் தம்பி ஒருவர் வேலையாகப் பெல்லாரிப் பக்கம் போனவர், நான் கேட்டேன் என்பதற்காக ஒரு சாக்கு கறுப்பு ரோமம் கொண்டுவந்தார். காசு கொடுக்கப் போனால் கீதாரி வாங்கவே இல்லையாம். "கத்தரிக்கறதுக்கு நாங்கதான் கூலி கொடுக்கறோம், அப்புறம் வீசிடறோம்" என்றாராம். கம்பளிக்கு நாதியில்லாமல் போன கதை அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஊற வைத்து மூன்று தரம் அலசினேன். இரண்டு நாள் மூன்றாம் மாடி முழுக்க ஆட்டுக் கிடை வாசனை. குரூப்பில் புகார் போட்டவர்களிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று தெரிந்தது: முரட்டு ரோமம் மெரினோவைவிடச் சீக்கிரம் இறுகுகிறது. விரலில் பலம் இல்லாதவர்களுக்கு இதுதான் தோது. யானைக்கு நிறமும் கிட்டத்தட்டப் பொருந்திவிட்டது.

கடைசியாக ஒரு விண்ணப்பம், அடுத்த பொதுக்குழுவில் எழுத்திலும் கொடுக்கிறேன். வகுப்பு நடப்பது கிளப் ஹவுஸ் முதல் மாடி. இருபத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது. ஆரம்பத்தில் பதினோரு பேர் வந்தோம், இப்போது ஆறு பேர். நின்றுபோன ஐந்து பேரில் மூன்று பேருக்கு முழங்கால். அவர்களுக்கு ஊசி அலுக்கவில்லை, படிதான் முடியவில்லை. தரைத்தளத்தில் விசிட்டர்ஸ் ரூம் என்று போர்டு மாட்டிய அறையில் கொலுப் படிகளும் உடைந்த நாற்காலிகளும் இருக்கின்றன. கொலுப் படிகளை நாங்களே மாடிக்கு ஏற்றித் தருகிறோம் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஜிம்முக்கு வரும் பிள்ளைகள் அரைமணி நேரம் கை கொடுத்தால் போதும்.

வர நினைப்பவர்கள் பாத்திரம் தேய்க்காத பெரிய ஸ்பாஞ்ச் ஒன்று கொண்டுவந்தால் போதும். ஊசியும் கறுப்பு ரோமமும் இருக்கிறது. முதலில் 36ஆம் நம்பர் ஊசி கேளுங்கள். நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு, சீக்கிரம் உடையும். நேராகக் குத்தி நேராக எடுங்கள், உள்ளே விட்டு வளைக்காதீர்கள். உடைந்த துண்டைத் தேடி எடுத்து டப்பாவில் போட்ட பிறகுதான் அடுத்தது. என் யானைக்குத் தும்பிக்கையை மூன்று தரம் பிய்த்து மாற்றிவிட்டேன், ஒரு காது இன்னும் பாக்கி. பேத்தி அதற்குள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். காது ஒட்ட ராத்திரியில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.